சாயர்புரம் செமினரியும் தூத்துக்குடிக் கால்டுவெல் பள்ளியும்

பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரைக் கேட்ட அளவில் கோட்டையும் போரும் கயத்தாற்றுப் புளியமரமும் நினைவுக்கு வருதல் தமிழர்க்கு இயல்பு. பள்ளிக்கூடம் நினைவுக்கு வருவதில்லை. ஆயின், அக்கோட்டை வீழ்ந்த பின்னர் அதனைச் சூழ்ந்த சீமையில் மக்கள் வாழ்வை மாற்றியவை எவை என வினவுவார்க்குக் கச்சேரியும் பள்ளிக்கூடமும் என்றே விடை கூறல் வேண்டும். முன்னது கும்பினியார் வைத்தது. பின்னது பெரும்பாலும் கிறித்தவச் சமயத் தொண்டர் வைத்தது. இவ்விரண்டனுள் பின்னதைப் பற்றி, அதிலும் சாயர்புரத்தில் தோன்றித் தூத்துக்குடிக்குப் பெயர்ந்து கால்டுவெல் பெயரால் இன்றளவும் நிற்கும் பள்ளியைப் பற்றி, ஈண்டு ஆராயப்படும்.

பள்ளிகளின் வரலாறு நம் நாட்டில் பெரும்பாலும் விழா மலர்களிலேயே எழுதப்படுகின்றது. நிறுவியவர் யார், கட்டடம் எழுந்த ஆண்டு யாது, தலைமையாசிரியராக இருந்தோர் எவரெவர் என்பனவற்றை அம்மலர்கள் குறையின்றிக் கூறும். அவற்றால் ஒரு பள்ளி எதற்காக நிறுவப்பட்டது என்பது விளங்கும். எதற்குப் பயன்பட்டது என்பது விளங்காது. நிறுவியோர் கருத்தும் கற்றோர் செயலும் ஒன்றாகவே இருந்தன என்று அம்மலர்கள் கொள்கின்றன. சாயர்புரம், தூத்துக்குடிப் பள்ளிகளின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. அப்பள்ளிகளிற் பயின்றாருள் பெயர் நிலைத்த இருவர், பள்ளி கருதிய வழியிற் செல்லாதவர்கள். அவ்விருவரையும் விடுத்து இப்பள்ளியின் வரலாற்றை எழுதுதல் எளிது. ஆனால் அது வரலாறு ஆகாது.

முதற்கண் நிலத்தின் நிலையைக் காண்பாம். 1799-ஆம் ஆண்டு செப்டம்பரில் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரையும் அவன் கூட்டத்தாரும் இடிந்த மண்கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினர். மே 24-ஆம் நாள் அதுவும் வீழ்ந்தது. பின்னர்க் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். ஊரின் பெயரே மாவட்டப் பதிவுகளினின்று நீக்கப்பட வேண்டும் என்பது ஆணை. பாளையத்து ஊர்கள் எட்டயபுரம் முதலிய பாளையங்கட்குப் பகுத்து அளிக்கப்பட்டன. 1801 சூலையில் கருநாடக நவாபோடு செய்த உடன்படிக்கையால் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கும்பினியின் நேர் ஆட்சிக்குட்பட்டது. 1803-இல் பாளையங்கள் நிலையான தீர்வை செலுத்தும் சமீன்களாயின.

இம்மாற்றத்தின் பொருளை ஒட்டப்பிடாரத்தில் நன்கு காணலாம். பாஞ்சாலங்குறிச்சிக்கு மிக அணித்தாயுள்ள இவ்வூர் வட்டத் தலைநகராயிற்று. வாளேந்திய பாளையக்காரனிடம் முறையிட்ட மக்கள் இப்போது தாசில்தாரிடமும் முனிசீபிடமும் முறையிடலாயினர். முறையீடு வாய்மொழியாக இருந்தது போய் எழுத்தாயிற்று. எழுத்துக்கு முத்திரைத் தாளும், தாளுக்கு எழுதுவோனும், எழுதுவோனுக்கு வழக்கறிஞனும் வேண்டியவராயினர். ஆங்கிலம் அறிந்த ஒருவன் இல்லாத குடும்பம் நிலத்தை இழக்கும் என்னும் அச்சம் இச்சீமையில் பரவியது. ஆங்கிலக் கல்வி வேட்கையை அறிவு வேட்கை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. அஃது ஒருவகைத் தற்காப்பு வேட்கையும் ஆகும்.

அதற்கு முன் இங்குக் கல்வி இல்லையோ எனின், உண்டு. திண்ணைப் பள்ளிகள் ஊர்தோறும் இருந்தன. தென்பாண்டி நாட்டில் அவற்றின் ஆசிரியரை அண்ணாவி என்பர். மணலில் விரலால் எழுத்தும், ஓலையில் எழுத்தாணியால் பாட்டும், எண்சுவடியால் கணக்கும், நிகண்டால் சொல்லும் பயிலப்பட்டன. மாணாக்கருள் மூத்தவன் ஒருவன் சட்டாம்பிள்ளை என்னும் பெயரோடு இளையோர்க்குப் பாடம் சொல்லி, அண்ணாவி இல்லாதபோது பள்ளியைக் காப்பான். இச்சொல்லை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும். இப்பள்ளியில் மாணாக்கன் பகலிற் கற்று, உண்ணவும் உறங்கவும் வீட்டிற்குச் செல்வான். வீட்டின் சாதியும் சமயமும் சோறும் அவனை விட்டு நீங்குவதில்லை. உறைவிடப் பள்ளி இதனையே மாற்றியது.

சாயர்புரம் தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, பொருநையாற்றுக்கு வடக்கே உள்ளது. சாமுவேல் சாயர் என்னும் வணிகர், ஊரார் பகையால் நிலமிழந்த புதுக் கிறித்தவர்கள் குடியேறும்பொருட்டு 1814-இல் வாங்கிக் கொடுத்த நிலம் ஆதலின் அவர் பெயர் பெற்றது. பனை நிறைந்த வறண்ட பூமி. இங்கு 1842-இல் வந்தவர் ஜி. யு. போப். அவர் 1820-இல் வட அமெரிக்காவிலுள்ள பிரின்சு எட்வர்டு தீவிற் பிறந்து, 1839-இல் சென்னைக்கு வந்து, இராமாநுச கவிராயரிடம் தமிழ் கற்றவர். சாயர்புரத்துக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவ்வயதிலேயே அவர் கருதியது சிற்றூர்ப் பள்ளியன்று. நாட்டு மக்களிலிருந்தே குருமாரையும் உபதேசியாரையும் ஆசிரியரையும் உருவாக்கும் ஒரு செமினரி. மாணாக்கர் அங்கேயே உண்டு உறைந்து கற்றனர். உயர் வகுப்பினர்க்கு ஆங்கிலத்தோடு இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயிற்றப்பட்டன.

பனையேறிகளின் மக்கள் கிரேக்க இலக்கணம் படித்தனர் என்பதனைச் சிலர் நகைப்புக்குரியதாகக் கருதினர். அக்காலத்திலேயே அவ்வாறு கருதிய ஐரோப்பியரும் இருந்தனர். பயனற்ற கல்வி என்பது அவர் கூற்று. இக்கூற்றை நாம் உடன்படுதற்கில்லை. ஒருவனுக்கு எது பயன்படும் என்பதை அவனுடைய பிறப்பைக் கொண்டு அளப்பவரே அவ்வாறு கூறுவர். இங்கிலாந்தில் உயர்குடிப் பிறந்த சிறுவனுக்கு எக்கல்வி தகும் எனப்பட்டதோ அக்கல்வியையே போப் இவர்கட்கும் தந்தார். அவர் கடுமையான ஆசிரியர்; பிரம்புக்குப் பெயர் பெற்றவர். அவர் கண்டிப்பைப் பற்றிய கதைகள் பிற்காலத்தில் நீலகிரியிலும் வழங்கின. எனினும் மாணாக்கரின் அறிவாற்றலில் அவருக்கிருந்த நம்பிக்கை, அவர் காலத்துச் சமயத் தொண்டர் பலர்க்கு இல்லாதது.

ஆனால் தமிழின் நிலை யாது? தமிழ்த்துறையினராகிய நாம் இவ்வினாவை எழுப்பாதிருத்தல் கூடாது. திண்ணைப் பள்ளியில் நிகண்டும் நீதிநூலும் நெட்டுருச் செய்யப்பட்டன; பொருள் பின்னரே வந்தது, சிலர்க்கு வாராமலும் போயிற்று. போப் இம்முறையை வெறுத்தார். தமிழ் இலக்கணத்தை வினாவும் விடையுமாகப் படிப்படியே கற்பிக்கும் நூல்களை எழுதினார். அவை பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கின. 1859-இல் தமிழ்ச் செய்யுட் கலம்பகம் என்னும் தொகை நூலை வெளியிட்டார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும், நாலடியார் 1893-இலும், திருவாசகம் 1900-இலும் வெளிவந்தன; அவை அவருடைய முதுமைக்காலப் பணிகள். சாயர்புரத்தில் அவர் இருந்தது ஏறத்தாழ ஏழாண்டே. 1849-இல் இங்கிலாந்து சென்றவர் மீண்டு வந்து தஞ்சாவூரிலும், பின்னர் உதகமண்டலத்திலும் பெங்களூரிலும் பணிபுரிந்தார். இவருடைய தமிழ்ப் புலமையை ஆக்சுபோர்டோடு இணைத்துப் பேசுவோர், பனங்காட்டிடையே ஒரு விடுதிப் பள்ளியில் சிறுவர்க்குத் தமிழ் இலக்கணம் எவ்வாறு விளங்கும் என்று அவர் அல்லாடிய ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். இலக்கண வினாவிடை அவ்வனுபவத்தின் விளைவு என்பது எம் கருத்து.

இனி உண்டி பற்றிக் கூறவேண்டும். பகற்பள்ளியில் எழாத ஒரு வினா விடுதிப் பள்ளியில் முதல் நாளிலேயே எழும்: யாரோடு யார் உண்பது? 1850-இல் சென்னையிற் கூடிய சமயத் தொண்டர் மாநாடு, சாதியை விட்டமைக்கு அடையாளம் உடனுண்ணலே எனத் தீர்மானித்தது. தஞ்சையில் போப்பிற்கும் கிறித்தவ வேளாளர்க்கும் விளைந்த பூசலின் வேரும் சாதியே. சாயர்புரத்தில் பெரும்பான்மை மாணாக்கர் ஒரே சமூகத்தினராயிருந்தமையால் இச்சிக்கல் அத்துணை வெளிப்பட எழவில்லை போலும். ஆயினும், பெற்றோர் கண்ணுக்கெட்டாத இடத்தில், பிறர் சமைத்த சோற்றைப் பந்தியில் அமர்ந்து உண்டு வளர்ந்த சிறுவன் தன் ஊர்க்குத் திரும்பும்போது முழுதும் ஊரவனாக இல்லை. பெண்கள் பள்ளிகளிலும் இவ்வாறே. இடையன்குடியில் கால்டுவெலின் மனைவியார் எலிசா பெண்கட்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேசுப் பின்னல் கற்பித்தார். அப்பின்னல் வேலை அப்பகுதிப் பெண்கட்குத் தம் கைப்பொருளைத் தந்தது. இதன் விளைவுகள் தனியே ஆராயத் தக்கன.

சாயர்புரத்தின் முதல் தலைமுறையில் பயின்றவருள் ஒருவர் அருமைநாயகம். 1823-இல் பிறந்தவர். சட்டாம்பிள்ளை என்னும் பெயராலேயே வரலாற்றில் அறியப்படுகின்றார். திண்ணைப் பள்ளியின் சொல் செமினரியிலும் புகுந்து ஒருவருக்கு இயற்பெயரினும் நிலைத்த பெயராயினமை நோக்கத்தக்கது. அவர் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். பின்னர் நாசரேத்தில் உபதேசியாராகப் பணிபுரிந்தார். ஆங்கிருந்த ஐரோப்பியக் குருவோடு மாறுபட்டு 1850-இல் பணியினின்று நீக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் கால்டுவெல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் சிறு நூல் அவர் கைக்கு எட்டியது. இங்கிலாந்தில் சமயப் பணிக்கு ஆதரவு திரட்டும் நோக்கோடு எழுதப்பட்ட அந்நூல், இன்று நாடார் என வழங்கப்பெறும் சமூகத்தாரின் தோற்றம் பற்றியும் அறிவாற்றல் பற்றியும் இழிவான கருத்துகளைக் கொண்டிருந்தது. யாரைப் பற்றி அந்நூல் எழுதப்பட்டதோ அவர்கள் அதனைப் படிப்பார்கள் என்று ஆசிரியர் எண்ணியிருக்கமாட்டார். சாயர்புரம் செமினரி அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது.

சட்டாம்பிள்ளை அந்நூலுக்கு எதிராகத் தம் மக்களை எழுப்பினார். அதனோடு நின்றிலர். 1857-இல் ஐரோப்பியர் தலைமையை முற்றும் விலக்கி, இந்துக் கிறித்தவ ஒரே இரட்சகர் சபை என்னும் தனிச் சபையை நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் நிறுவினார். சனிக்கிழமையே ஓய்வுநாள் என்றும், தூபம் முதலிய வழிபாட்டு முறைகள் விவிலியத்தில் உள்ளன, ஐரோப்பியரே அவற்றைக் கைவிட்டனர் என்றும் அவர் வாதிட்டார். இவ்வாதங்கட்கு ஆதாரம் எபிரேய மூலமே. மொழிபெயர்ப்பையன்றி மூலத்தைக் காட்டி ஆசிரியரை மறுத்தமை ஈண்டுக் கருதற்குரியது. அவருடைய சமயக் கொள்கை சரியோ பிழையோ என்பது நம் ஆராய்ச்சிக்குப் புறம்பானது. மூலமொழியைக் கற்பித்த பள்ளி, அம்மொழியைக் கொண்டு தன்னையே அளக்கும் கருவியையும் மாணாக்கன் கையிற் கொடுத்தது என்பதே நாம் கொள்ளவேண்டுவது. கிரேக்கமும் எபிரேயமும் இவர்கட்குப் பயனற்றவை என்றவர்க்கு இதனினும் வலிய மறுப்பு வேறில்லை.

கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டவரும் அவரே. சாணார் பற்றிய நூலால் அவரை வெறுப்போரும், ஒப்பிலக்கணத்தால் அவரைப் போற்றுவோரும் ஒருவரையொருவர் மறுத்து எழுதி வருகின்றனர். இரண்டு நூலும் ஒரே சிற்றூரில், ஒரே விளக்கின்கீழ், ஏழாண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை என்பதை இரு சாராரும் எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழின் தொன்மையைக் கண்ட கண், அத்தமிழைப் பேசிய அண்டை வீட்டாரைக் காணவில்லை. இது கால்டுவெலுக்கு மட்டும் உரிய குறையன்று. மொழியைப் போற்றி மொழிபேசுவோரை மறத்தல் நம்மிடையேயும் உண்டு.

1877 மார்ச்சு 11-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக்கப்பட்டார். அஃது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நடுநாள். பஞ்சக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் புதிதாகக் கிறித்தவம் தழுவினர். அவர்கட்கு ஆசிரியரும் குருமாரும் வேண்டியிருந்தது. சாயர்புரம் செமினரி இக்காலத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்த இரண்டாந்தரக் கல்லூரியாக, அஃதாவது எஃப்.ஏ. தேர்வு வரை பயிற்றும் நிலையமாக உயர்ந்தது. 1883-இல் அதனைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்றனர். கால்டுவெலும் அவ்வாண்டில் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடியில் குடியேறினார். கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இடமாற்றத்தின் காரணங்கள் வெளிப்படையானவை. தூத்துக்குடி 1825-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1866-இல் நகராட்சியாயிற்று, மணியாச்சி வழியாக 1876-இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. கரிசற்காட்டுப் பருத்தி வண்டியேறி இத்துறைமுகம் வந்தது. முத்துக்குளிப்பு இடையிடையே பல்லாண்டு நின்றுபோவது. பருத்தியோ ஆண்டுதோறும் வந்தது. கணக்கரும் எழுத்தரும் ஆங்கிலம் அறிந்த முகவரும் நகருக்குத் தேவைப்பட்டனர். இவையன்றி மற்றொரு காரணமும் உண்டு. கால்டுவெல் தம் பிற்கால வாழ்வில், சிற்றூர் மக்களினும் நகரத்து மேற்சாதியாரிடம் சமயத்தைக் கொண்டு செல்ல விழைந்தார். அவர்கள் பனங்காட்டு விடுதிக்குத் தம் மக்களை அனுப்பார். நகரத்துப் பகற்பள்ளிக்கு அனுப்புவர். எனவே பள்ளி அவர்களை நாடிச் சென்றது.

இங்குதான் பள்ளியின் இயல்பு மாறியது. சாயர்புரத்தில் எல்லாரும் விடுதியினர். தூத்துக்குடியில் ஒரே வகுப்பறையில் இருவகை மாணாக்கர் அமர்ந்தனர். உள்நாட்டுக் கிறித்தவச் சிறுவன் விடுதியில் உண்டு, மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உறங்கினான். வணிகர் மகனும் வழக்கறிஞர் மகனும் மாலையில் வீடு சென்றனர். நெற்றியில் நீறோ நாமமோ இட்டு மறுநாள் வந்தனர். விவிலிய பாடம் இருவர்க்கும் பொது; தேர்வும் பொது; சோறு மட்டும் வேறு. பாடத்தால் ஒன்றுசேர்ந்து உண்டியால் பிரிந்த இக்கூட்டம், அக்காலத் தமிழ்நாட்டு நகரங்களின் சிற்றுருவம் எனலாம். மேற்சாதி இந்து மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டபோதே, விடுதியின் உடனுண்ணல் முறையைப் பள்ளி முழுமைக்கும் விரிக்க இயலாது என்பதைப் பள்ளியார் வாயாற் கூறாமல் உடன்பட்டுவிட்டனர்.

இவ்விடத்து மற்றொரு நூலைக் குறித்தல் வேண்டும். கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் பொது வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் விரிவாக இடம்பெறுகின்றன. போரில் நேரே கலந்துகொண்ட வெல்சு என்னும் படைத்தலைவர், ஊமைத்துரையைப் பற்றி வியப்பும் மதிப்பும் தோன்ற எழுதிய நினைவுக் குறிப்புகளை அவர் எடுத்தாள்கின்றார். பாளையக்காரரை அவர் கொள்ளைத் தலைவராகவே பெரிதும் கருதினார். கும்பினி ஆட்சியை நன்மை எனவே முடிவு கட்டினார். ஆயினும் பதிவுகளினின்று துடைக்கப்பட வேண்டும் என ஆணையிடப்பட்ட ஊரின் பெயர், எண்பதாண்டுக்குப் பின் அரசு அச்சகத்து நூலிலேயே பக்கம் பக்கமாக இடம்பெற்றது. நாட்டு மக்கள் கதைப்பாடலாகப் பாடிவந்ததனை அவர் பொருட்படுத்தவில்லை; அப்பாடல்களைத் தொகுத்து ஆராய்தல் பின்வந்த தமிழறிஞர்க்கே எஞ்சியது. எனினும் இருபதாம் நூற்றாண்டில் கட்டபொம்மனைப் பற்றி, போற்றியோ தூற்றியோ, எழுதிய யாவரும் கால்டுவெல் நூலைக் கடந்து செல்ல இயலவில்லை.

அந்நூல் வெளிவந்தபோது ஒட்டப்பிடாரத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் கற்றிருந்தான். 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையே அவர். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். முன்னர்க் கூறிய கச்சேரி வாழ்வின் விளைவான குடும்பம். மகன் ஆங்கிலம் கற்கும்பொருட்டு ஊரார் துணையோடு அவர் ஒட்டப்பிடாரத்தில் ஒரு பள்ளியையே ஏற்படுத்தினார். பாஞ்சாலங்குறிச்சிக்கு அணித்தே ஊரார் தாமே கட்டிய பள்ளி இது என்பதனை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். கோட்டையை மண்ணால் எழுப்பிய ஊரவரின் பேரர்கள் பள்ளியை எழுப்பினர். எல்லாக் கல்வியும் வெளியாரின் கொடை எனக் கூறுவார்க்கு இஃது ஒரு தடை.

பதினான்காம் வயதில், அஃதாவது 1886-ஐ ஒட்டி, வ.உ.சி. தூத்துக்குடிக்கு வந்தார். கத்தோலிக்கரின் சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் பயின்று, பின்னர்த் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலும் கற்றார். அவ்வாண்டுகளில் முதியவராகிய கால்டுவெல் அதே நகரில் வாழ்ந்தார். 1891-இன் தொடக்கத்தில் பதவி விலகிக் கொடைக்கானல் சென்று, அவ்வாண்டு ஆகசுடு 28-ஆம் நாள் மறைந்தார். வ.உ.சி. 1894-இல் வழக்கறிஞர் தேர்வில் வென்று ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1900-இல் தூத்துக்குடியில் குடிபுகுந்தார்.

அவரை இப்பள்ளிகளே ஆக்கின என்பது மிகை. இப்பள்ளிகளால் அவர் யாதும் பெற்றிலர் என்பது அதனினும் மிகை. 1906 அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பற் கம்பெனியை நோக்குக. பத்து இலக்க ரூபாய் மூலதனம். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். இஃது உணர்ச்சியால் மட்டும் எழுந்த செயலன்று. கம்பெனிச் சட்டம், பங்குப் பத்திரம், கப்பற் குத்தகை ஆகிய யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கில வணிகர் எம்மொழியில் வாணிகம் செய்தனரோ, ஆங்கில அரசு எச்சட்டத்தால் அவ்வாணிகத்தைக் காத்ததோ, அம்மொழியையும் அச்சட்டத்தையும் கொண்டே அவர் எதிர்த்தார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே நாள் கம்பெனி பதிவான நாளாக அமைந்தது தற்செயலேயாகலாம். அதன்மேல் பொருளேற்றிப் பாடுவது கவிஞர் உரிமை. வரலாற்றாசிரியன் நாளைக் குறித்து அமைவதே முறை.

1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் அவர் சிறைப்பட்டார். இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் வெளிவந்தார். சிறையில் செக்கிழுத்த செய்தியை நாடறியும். அச்சிறையிலிருந்தே சேம்சு ஆலனின் நூல்களைத் தமிழாக்கியதும் அறியப்பட்டதே. விடுதலைக்குப்பின் திருக்குறள் அறத்துப்பால் மணக்குடவர் உரையை 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையிலும் உழைத்தார். அண்ணாவி தந்த தமிழும் பள்ளி தந்த ஆங்கிலமும் அவரிடத்து ஒன்றையொன்று அழிக்கவில்லை. சமயத் தொண்டர் பள்ளியிற் பயின்ற இந்து மாணாக்கர் தம் மொழியையும் நெறியையும் இழப்பர் என அஞ்சியவர் அந்நாளில் பலர். அவர்கள் அச்சம் சிலர் திறத்தில் மெய்யாயிற்று. இவர் திறத்தில் ஆகவில்லை. பகல் மாணவனாக மாலையில் அவர் மீண்ட இடமும் ஒரு பள்ளியே என்பதால் போலும்.

கல்லூரியின் பிற்கால நிலையைச் சுருங்கக் கூறலாம். அது பத்தாண்டளவே கல்லூரியாக நின்றது. திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி 1878 முதல் இரண்டாந்தரக் கல்லூரியாக இருந்தது. சர்ச்சு மிசன் சங்கத்தாரும் அதே தரத்தில் ஒரு கல்லூரியை நடத்தினர். ஒரு மாவட்டத்தில் எஃப்.ஏ. வகுப்புக்கு மூன்று கல்லூரிகள் போட்டியிட்டன, மாணாக்கரோ சிலர். கால்டுவெல் மறைந்தபின் இலண்டன் சங்கத்தின் பொருளுதவியும் சுருங்கியது. கல்லூரி வகுப்புகள் மூடப்பட்டன. உயர்நிலைப் பள்ளி நின்றது. 1896-இல் திருநெல்வேலித் திருமண்டலம் தனியே அமைந்தபோது அதன் மேற்பார்வைக்கு வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது அதன் பகுதியாயிற்று. 2003-இல் தூத்துக்குடி நாசரேத்துத் திருமண்டலம் பிரிந்தது. இன்று அது மேனிலைப் பள்ளி.

நகரமும் மாறிவிட்டது. 1961-க்குப் பின் இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாட்டு அரசு கட்டபொம்மனுக்கு நினைவுக் கோட்டை எழுப்பியது. அதற்கு அணித்தே 1801-இல் மாண்ட ஆங்கிலப் படையினரின் கல்லறைகள் உள்ளன. 1986-இல் திருநெல்வேலியினின்று பிரிந்த மாவட்டம் சிதம்பரனார் பெயர் பெற்று, 1997-இல் தூத்துக்குடி மாவட்டம் என மாற்றப்பட்டது. சாயர்புரத்தில் போப் பெயரால் உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து நடந்துவந்தது. 1962-இல் அங்கே போப் கல்லூரி தொடங்கப்பட்டது. 1883-இல் அவ்வூரை விட்டுச் சென்ற கல்லூரிப் படிப்பு எழுபத்தொன்பது ஆண்டுக்குப் பின் அப்பனங்காட்டுக்கே திரும்பியது.